நோகாத கால்

கொழும்பிலிருந்து வடக்கே களனி கங்கையைக் கடந்து, நீர்கொழும்பு வீதியில் வத்தளைவரை சென்று, அங்கிருந்து கடற்பக்கமாகத் திரும்பினால் வருகின்ற ஹெந்தளை, இன்று நெருக்கமான வீடுகளும் தேவாலயங்களும் கடைகளும் நிறைந்த ஒரு புறநகர். ஹமில்டன் கால்வாய் ஓடும் அந்தத் தாழ்ந்த கரையோர நிலத்தில் ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டில் தொழுநோயாளருக்கென்று கட்டிய இல்லம், ஒல்லாந்தர் போய், ஆங்கிலேயர் வந்து, அவர்களும் போன பின்னரும், மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக வைத்தியசாலையாகவே நிலைத்து நிற்கிறது. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த என் போன்றவர்களுக்கு ஹெந்தளை என்ற பெயர் சிறுவயதில் ஊர்ப்பெயராகக் காதில் விழுந்ததில்லை. பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லும் ஒரு தண்டனையின் பெயராகவே விழுந்தது. நோயோடு நெடுங்காலம் வாழ நேர்ந்த ஒரு மனிதன் தன் அன்றாடச் சக்தியை எவ்விதம் செலவிடுவது என்ற கேள்வியை நானே சுமக்கத் தொடங்கிய பிறகுதான், அந்தக் கேள்விக்கு என்னைக் காட்டிலும் நெடுநாள் முன்பாக விடை தேட நிர்ப்பந்திக்கப்பட்டவர்கள் ஆற்றுக்கு அக்கரையிலேயே வாழ்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறைத்தது.

தொழுநோய் உடலை அழுகச் செய்கிறது என்று நம் முன்னோர் கருதினார்கள்; இன்றும் பலர் அப்படியே கருதுகிறார்கள். நோர்வே நாட்டு வைத்தியர் ஆர்மர் ஹான்சன் 1873இல் கண்டறிந்த அந்தக் கிருமி, கிருமிகளிலெல்லாம் மிக மெதுவாகப் பெருகுவது. ஒரு தடவை இரண்டாகப் பிரிவதற்கே ஏறத்தாழ இரண்டு வாரங்கள் எடுத்துக்கொள்வது. உடலின் குளிர்ந்த பகுதிகளையே விரும்புவது. ஆகவே அது தோலிலும், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளிலும் குடியேறுகிறது: முழங்கையின் பின்புறம், மணிக்கட்டு, முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்காலின் உட்பக்கம், முகம். அங்கே நரம்பு வீங்கிச் சாகும்போது முதலில் போவது சூடு குளிர் தெரியும் உணர்வு, பின்னர் ஸ்பரிசம், அதனோடு நோவு. விரல்கள் குறைவதும் பாதம் புண்ணாகிச் சிதைவதும் கிருமி நேராகச் செய்த காரியங்கள் அல்ல. நோவு என்ற காவலாளி போய்விட்ட வீட்டில் அன்றாட வாழ்வு தானே செய்துவிட்ட சேதங்கள் அவை.

இந்த உண்மையை உலகுக்கு விளங்கச் செய்தவர்களில் முதன்மையானவர், நம் கொல்லிமலையில் பாதிரிமார் குடும்பத்தில் 1914இல் பிறந்த போல் பிராண்ட். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணராக வந்த அவர், செங்கல்பட்டில் தொழுநோயாளர்களைக் கண்டு, அவர்களுடைய கைகளையும் கால்களையும் சீராக்குவதையே தம் வாழ்க்கைப் பணியாக ஏற்றார். அவர் சொல்லி வைத்துவிட்டுப் போன ஒரு சம்பவத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. துருப்பிடித்த ஒரு பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் அவர் நின்றுகொண்டிருந்தபோது, பத்து வயது மதிக்கத்தக்க மெலிந்த சிறுவன் ஒருவன், நோயாளிகளில் ஒருவன், முன்வந்து ஒரே திருப்பில் பூட்டைத் திறந்துவிட்டான். வளர்ந்த மனிதனால் ஆகாதது இந்தக் குழந்தைக்கு எப்படி ஆயிற்று என்று அவர் வியந்து நிற்கையில் தரையில் இரத்தத் துளிகள் விழுந்தன. சாவி அவன் விரலை எலும்பு தெரியும்வரை வெட்டியிருந்தது. அவன் அதை அறியவேயில்லை. அச்சிறுவனிடம் விசேஷமான பலம் எதுவும் இருக்கவில்லை. எங்கே நிறுத்த வேண்டுமென்று சொல்லுகிற குரல் ஒன்று மட்டும் இல்லாமற் போயிருந்தது.

தீராத நோயோடு வாழ்கிறவர்களின் அன்றாடச் சக்தியைப்பற்றிப் பேசுவோர் இக்காலத்தில் பெரும்பாலும் எடுத்தாளும் உவமை, லூபஸ் என்னும் நோயுடைய கிறிஸ்டீன் மிசராண்டினோ என்ற அமெரிக்கப் பெண்மணி 2003ஆம் ஆண்டளவில் எழுதியது. உணவகம் ஒன்றில் தம் தோழியின் கையில் ஒரு பிடி கரண்டிகளைக் கொடுத்து, இவைதான் உன் இன்றைய சக்தி என்று சொல்லி, எழுந்தால் ஒன்று, குளித்தால் ஒன்று, உடுத்தால் ஒன்று என்று திரும்பப் பெற்றுக்கொண்டே போனார் அவர். ஆரோக்கியமானவர்களுக்குப் புரியவைப்பதற்கு அதைவிடத் தெளிவான வழியை நான் அறியேன். நோயாளர் பலர் தம் வீட்டாரிடம் வருஷக்கணக்காகச் சொல்லித் தோற்றதை அந்தச் சிறு காட்சி சில நிமிஷங்களில் சொல்லிவிட்டது. ஆயினும் அதில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. கையிலே எத்தனை கரண்டி உண்டென்று நோயாளிக்குக் காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் போகும்போது போகிறதென்று உணரவும் வேண்டும். ஹெந்தளையின் மனிதர்கள் இழந்தது அந்த உணர்வையே. சக்தி குறைந்தவர்களின் சிரமம் ஒன்று. சக்தியை அளக்கும் கருவியே பழுதானவர்களின் சிரமம் இன்னொன்று. எனக்கு இரண்டாவதைப்பற்றியே சொல்ல இருக்கிறது, ஏனெனில் அது பாதங்களுக்கு மட்டும் நேர்வதன்று.

பாதத்தைப் பார்த்தே தொடங்குவோம். நன்றாக இருக்கிற ஒருவர் சில மைல் தூரம் நடந்தால், தாம் அறியாமலே நடையை மாற்றிக்கொண்டு போகிறார்: குதிகாலில் விழுந்த பாரம் சற்றே வெளிப்புறத்துக்கு நகர்கிறது, அடிகள் குறுகுகின்றன, ஒரு கால் நொந்தால் மற்றக் கால் ஏற்றுக்கொள்கிறது. உணர்வற்ற பாதமோ முதல் அடியை வைத்த மாதிரியே ஆயிரமாவது அடியையும் வைக்கிறது. ஆணி குத்தியும் நெருப்புச் சுட்டும் வரும் காயங்களைப் பார்க்கிலும், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் சாதாரண அழுத்தமே அதிகமான பாதங்களைக் கெடுத்தது என்று பிராண்ட் கண்டார். பிற்காலத்தில் அமெரிக்காவில் எலிகளின் பாதங்களை வைத்து அவரும் அவரோடு பணிபுரிந்தோரும் இதைச் சோதித்தார்கள். தன்னளவில் தீங்கற்ற ஓர் அழுத்தத்தையே நாளொன்றுக்கு 10,000 தடவை இடைவிடாத நாட்களாகக் கொடுத்தபோது பாதம் சிவந்து, வீங்கி, புண்ணாயிற்று. தடவைகளைக் குறைத்து, வாரத்தில் இடையிடையே ஓய்வும் கொடுத்தபோது, புண் வராதது மட்டுமல்ல, தோல் தடித்து வலுவும் பெற்றது. அழுத்தம் ஒன்றேதான், இடையே விட்ட அவகாசம்தான் வேறு. நீண்டகால நோயாளருக்கு வைத்தியர்கள் சொல்லும் நிதானத்தின் இலக்கணம் முழுவதும் அந்தச் சிறிய பிராணியின் பாதத்தில் எழுதப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இந்த வரலாற்றில் நம்மவர் ஒருவருக்கு உரிய இடத்தை நாமே மறந்துவிட்டோம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கொழும்பின் பெயர்பெற்ற சத்திரசிகிச்சையாளரும் இலங்கைப் பல்கலைக்கழகத்துச் சத்திரசிகிச்சைப் பேராசிரியருமாயிருந்த மில்ரோய் போல், 1930களிலேயே தொழுநோயாளரின் பாதப்புண்களுக்கு, பாதத்தையும் கெண்டைக்காலையும் சேர்த்து இறுக அணைக்கும் பிளாஸ்டர் கட்டுப் போட்டு நடக்கவிட்டவர். புண்ணின்மேல் மட்டும் விழுந்துகொண்டிருந்த பாரத்தை உள்ளங்கால் முழுவதற்கும் காலின் பக்கங்களுக்குமாகப் பகிர்ந்துவிடுகிறது அந்தக் கட்டு. நீரிழிவுப் பாதப்புண்ணுக்கு இன்று உலகெங்கும் சிறந்த சிகிச்சைகளுள் ஒன்றாகப் போடப்படும் கட்டு, இந்த வழியில் வந்து, பிராண்ட் மூலமாக அமெரிக்காவிற்குப் போய்ப் பரவியதுதான். அதன் வெற்றிக்கு வைத்தியர்கள் கூறும் காரணங்களில் ஒன்று என் சிந்தனையைப் பிடித்துக்கொண்டது: நோயாளி அதைக் கழற்ற முடியாது. கழற்றி வைக்கக்கூடிய பாதரட்சையை எவ்வளவு செம்மையாகச் செய்து கொடுத்தாலும், நோகாத காலுக்கு அதை அணிய நினைப்பு வருவதில்லை.

தொழுநோயாளருக்குச் சொல்லிக்கொடுத்த நித்திய கிரமம் எளியது. வியர்வை சுரக்கும் நரம்புகளும் இறந்துவிடுவதால் பாதத்தோல் காய்ந்து வெடிக்கிறது. ஆகவே மாலையில் இருபது நிமிஷமளவு தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் போகுமுன் எண்ணெய் பூச வேண்டும். பிறகு பார்க்க வேண்டும். விரலிடுக்குகளையும், குதிகாலையும், கண்ணுக்கு எட்டாத இடத்தைக் கண்ணாடி வைத்தும். தொட்டும் பார்க்க வேண்டும். மற்ற இடத்தைவிட ஓரிடம் சூடாக இருந்தால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டதென்று பொருள். அந்தச் சூடு தணியும்வரை நடை குறைய வேண்டும். இதிலே எங்கும் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்ற கேள்வியே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வெள்ளவத்தையில் என் பெரியம்மா வீட்டில் இதே காட்சியைச் சிறிது வேற்றுமையோடு நான் கண்டிருக்கிறேன். அவருக்குச் சீனி வருத்தம். அது கால் நரம்புகளைத் தின்றுவிட்ட நிலை. நீரிழிவுக்காரர் காலை ஊறவைக்கலாகாது என்பதால், கழுவி, விரலிடுக்குகளை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பேத்தி தரையில் அமர்ந்து, பெரியம்மாவின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். உள்ளங்கையால் தொடமாட்டாள், புறங்கையை முதலில் ஒரு பாதத்திலும் பின்னர் மற்றப் பாதத்தின் அதே இடத்திலும் வைத்து, சற்று நேரம் பேசாமலிருப்பாள்.

“இடது கால் சுடுகுது அம்மம்மா. இண்டைக்கு எங்கையெல்லாம் நடந்தனீங்கள்?”

“கோயிலுக்கு மட்டுந்தான் பிள்ளை. திரும்பி வரேக்கை மாக்கெட்டுக்கும் ஒருக்காப் போனனான்.”

“அப்ப ரெண்டு நாளைக்குக் கோயில் வேண்டாம். வீட்டிலை இருந்து கும்பிடுங்கோ.”

“எனக்கு ஒண்டும் நோகேல்லையே.”

“நோகாதபடியாலைதானே நான் பாக்கிறன்.”

அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினைந்து வயதுக்கு மேல் இராது. தான் சொன்னதன் கனத்தை அவள் அறிந்திருக்க நியாயமில்லை. எனக்கோ அது அன்றிரவு முழுவதும் மனத்தை விட்டுப் போகவில்லை.

ஏனென்றால் எனக்கு இருக்கும் வியாதி மனத்தைப் பற்றியது. மாதக்கணக்காகச் சோர்வும், பின்னர் ஒரு காலத்தில் கட்டுக்கடங்காத உற்சாகமுமாக மாறி மாறி வருவது. இந்நோயின் இயல்பை அறியாதவர்கள் சோர்வுக் காலத்தைத்தான் ஆபத்தென்று நினைக்கிறார்கள். அது பெரும் துன்பம் என்பதில் சந்தேகமில்லை. காலையில் கண் விழிக்கும்போதே நாள் முழுவதும் தீர்ந்துபோனாற்போலிருக்கும், பல் துலக்குவதும் ஒரு பிரயாணமாகத் தோன்றும். சோர்வு வியாதியில் பலருக்குக் காலைப்பொழுதே மிகக் கொடியதாயிருந்து மாலையில் சற்று இளகுவது வைத்தியம் அறிந்த விஷயம். ஆகவே காலையில் மனம் சொல்லும் கணக்கை நம்பிப் படுக்கையிலேயே கிடந்துவிட்டால், மாலையில் இருந்திருக்கக்கூடிய கொஞ்சச் சக்தியும் பயன்படாமற் போகும். இல்லையென்று மனம் சாதிப்பது பல வேளைகளில் உண்மையில் இருக்கிறது. அதற்கு எதிரான பக்கமோ இன்னும் பயங்கரமானது. உற்சாகக் காலத்தில் இரண்டு மணி நேர நித்திரையோடு எழுந்து, பசியில்லாமல், களைப்பில்லாமல், இராப்பகலாக எழுதியும் பேசியும் திரிகிறபோது, உலகத்தில் தன்னைப்போல் ஆரோக்கியவான் இல்லையென்றே தோன்றும். பூட்டைத் திறந்த சிறுவனின் விரலை அந்நாட்களில் நான் என் மனத்திலே வைத்திருக்கிறேன். களைப்பு தெரியாத மனம் நோவு தெரியாத கால். இரத்தம் தரையில் விழுந்த பின்னரே யாரோ ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வியாதிக்கு லித்தியம் உதவுகிறதென்று ஆஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் 1949இல் எழுதினார். அந்த உப்பு எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. மருந்தோடுகூட, எழும் நேரம், உண்ணும் நேரம், படுக்கும் நேரம், பிறரைச் சந்திக்கும் நேரம் ஆகியவற்றை நாள்தோறும் ஒரே சீராக வைத்துக்கொள்வது நோய் திரும்புவதைத் தள்ளிப்போடும் என்று பின்னர் அமெரிக்காவில் எலன் பிராங்க் முதலானோர் ஆராய்ந்து ஒரு சிகிச்சை முறையாகவே வகுத்தார்கள். மனம் எழும்பச் சொல்கிறதோ இல்லையோ ஆறரைக்கு எழும்புவது. மனம் இன்னும் எழுதச் சொன்னாலும் பத்துக்கு விளக்கை அணைப்பது. என் வீட்டில் கடிகாரத்தோடு என் மனைவியின் கண்ணும் உண்டு. நான் பேசும் வேகத்தை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்; ஒரு நாள் இரவில் நான் படுக்கும் நேரம் பிந்தினால் மறுநாள் ஒன்றும் சொல்லமாட்டாள், இரண்டாம் நாள் சொல்வாள். பேத்தியின் புறங்கை செய்த காரியத்தையே அவள் செய்கிறாள்.

வெளியிலிருந்து வரும் எச்சரிக்கையை இயந்திரத்தால் செய்துவிடலாமே என்று பிராண்டும் ஒரு காலத்தில் நினைத்தார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குப் போன பிறகு, பொறியியலாளர்களைச் சேர்த்துக்கொண்டு, கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை உணரும் கருவிகளைப் பொருத்தி, எல்லை மீறும்போது ஒலி கேட்கவும் ஒளி தெரியவும் செய்தார். நோயாளர் ஒலியைக் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார்கள். பிறகு உணர்வு எஞ்சியுள்ள இடத்தில் மின்னதிர்ச்சி தரும்படி அமைத்தார். அதுவும் இடைஞ்சலாகப்பட்டபோது அவர்கள் அதை நிறுத்திவிட்டு, வேலை முடிந்ததும் மீண்டும் போட்டுக்கொண்டார்கள். வருஷக்கணக்கான பிரயத்தனத்துக்குப் பின் அவர் அதைக் கைவிட்டார். நோவின் மகிமை அது அறிவிப்பதில் மட்டும் இல்லை, அணைக்க முடியாதிருப்பதிலும் இருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. நோயாளரை இதில் குறைசொல்ல எனக்கு மனம் ஒப்பாது. கையில் எடுத்த காரியத்தை முடித்துவிட வேண்டுமென்ற ஆசை மனிதனுக்குள்ள மிக மேலான ஆசைகளில் ஒன்று. நோயாளிக்கு அது மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும், ஏனெனில் அவன் முடிக்காமல் விட்டவை அத்தனை.

இவ்விடத்தில்தான் ஹெந்தளையின் சுவர்கள் என் வாதத்துக்குக் குறுக்கே வந்து நிற்கின்றன. நம் அளவை நம் கைக்கு எட்டாத ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டுமென்றால், அதை யார் கையில் வைப்பது? 1901ஆம் ஆண்டின் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் அதை அரசாங்கத்தின் கையில் வைத்தது. நோயாளி என்று அறியப்பட்டவரைப் பிடித்து அடைக்க அதிகாரம் தந்தது அந்தச் சட்டம். தாய் பிள்ளையை விட்டும், கணவன் மனைவியை விட்டும் போனார்கள். கிழக்கிலே மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவிலும் அப்படியே நடந்தது. அங்கே சோறு கிடைத்தது, மருந்துக் கட்டுக் கிடைத்தது, உழைத்தேயாக வேண்டுமென்ற அவசரம் இல்லாதிருந்தது. அவ்வளவும் உண்மை. ஆனால் தன் கணக்கைத் தானே ஒருவரிடம் ஒப்படைப்பதற்கும், அதைப் பிறர் பறித்துக்கொண்டு போவதற்கும் இடையே உள்ள தூரத்தை எந்த உணவும் குறைக்காது. என் மனைவிக்கு என்னைத் தடுக்கும் உரிமை எங்கிருந்து வந்ததென்றால், நான் நன்றாயிருந்த ஒரு மாலையில், எந்த அடையாளங்களைக் கண்டால் என்ன சொல்லலாம், எப்போது வைத்தியரைக் கூப்பிடலாம் என்று இருவரும் பேசித் தீர்மானித்ததிலிருந்து வந்தது. பெரியம்மாவும் காலை நீட்டிக் கொடுத்த பிறகே பேத்தி தொட்டாள்.

ஓய்வெடு என்று சொல்வது எளிது. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்து மூட்டை சுமந்து நாட்கூலி பெற்றவர்களின் பிள்ளைகளோடு நான் படித்தேன். அந்த வீடுகளில் ஒரு நாள் நடக்காமலிருந்தால் அன்று இரவு அடுப்பு மூட்டுவதற்கில்லை. முச்சக்கர வண்டி ஓட்டுகிறவருக்கும், தையல் ஆலையில் நின்று வேலை செய்கிற பெண்ணுக்கும், மலையில் கொழுந்து கிள்ளுகிறவளுக்கும், காலில் சூடு கண்டால் இரண்டு நாள் இருந்துகொள் என்ற உபதேசம் மற்றொரு துன்பமாகவே போய்ச் சேரும். வசதியுள்ள நடுத்தர வீடுகளிலோ தடை வேறு விதமானது. கலியாணத்துக்குப் போகாவிட்டால் குறை, அந்தியேட்டிக்குப் போகாவிட்டால் குறை. போனால், நல்லாத்தானே இருக்கிறீர் என்று ஒரு பேச்சு. நோயாளி முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரத்துக்காக அடுத்த மூன்று நாட்களை முன்கூட்டியே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்பதை, அவரை மகிழ்வித்து அனுப்பிய உறவினர் காண்பதில்லை. காணாமலிருப்பதற்கு அவர்களையும் நான் நோகமாட்டேன், ஆனால் சொல்லிவைக்க வேண்டியது நம் கடமை.

இலங்கையில் 1983இல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்தது. ஆறு மாதமோ, நோய் பரந்திருந்தால் பன்னிரண்டு மாதமோ குளிசை எடுத்தால் கிருமி அழிந்துவிடுகிறது. யாரும் இப்போது ஹெந்தளையில் அடைக்கப்படுவதில்லை, முன்னாளில் வந்து அங்கேயே முதுமையடைந்தவர்களில் எஞ்சியோர் மிகச் சிலரே. 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே நோயாளர் தொகை குறைந்துவிட்டதென்று 1995இல் நாடு மகிழ்ச்சியோடு அறிவித்தது, மகிழவேண்டிய செய்திதான். இருந்தும் வருஷந்தோறும் புதிய நோயாளர் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கடைசிக் குளிசையை விழுங்கியதும் நோயாளியின் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடுகிறது. சிகிச்சை பிந்தித் தொடங்கியதால் இறந்துபோன நரம்பு மட்டும் மீள்வதில்லை. அந்தக் காலுக்கு இனிமேல் ஆயுள் முழுவதும் மாலையில் தண்ணீரும் எண்ணெயும் பார்க்கிற ஒரு கண்ணும் வேண்டும். குணமானோர் என்று எழுதப்பட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தை யாராவது வைத்திருக்க வேண்டும். அதில், மருந்து முடிந்து எத்தனையோ ஆண்டு கழித்தும், இவருடைய கால்களை மாலையில் பார்ப்பவர் யார், கால் சூடு கண்டால் இவர் இரண்டு நாள் வேலைக்குப் போகாமலிருக்க வழியுண்டா என்ற இரண்டு கேள்விகளையாவது ஊர்தோறும் சுகாதார உத்தியோகத்தர் கேட்டு எழுத வேண்டும்.